நாட்டுக்கே கார்பன் விலை போடணுமா? மொதல்ல ரேட்டைப் பத்தி யோசிக்காதீங்க

போன மாசம் மதுரை சிம்மக்கல்ல நான் வழக்கமா சாப்பிடுற மெஸ்ல ரெண்டு காலேஜ் பசங்க என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. "அண்ணே, இந்தியாவுக்கு ஒரு கார்பன் பிரைசிங் பாலிசி டிசைன் பண்ணிட்டு வரச் சொல்லிட்டாய்ங்கண்ணே, டன்னுக்கு எவ்ளோ போடலாம்?"னு ஒருத்தன் நோட்டைத் தொறந்து பேனாவையும் மூடி கழட்டி வச்சுக்கிட்டு கேக்குறான், ஏதோ நான் ஒரு நம்பர் சொன்னா எழுதிட்டு எந்திரிச்சுப் போயிரலாம்ங்கிற மாதிரி. எல்லாருமே அங்கதான் ஆரம்பிக்கிறாங்க. ஆனா ரேட்டு கடைசியில வர்ற வேலை. எங்க நின்னு அளக்குறது, யாரு கட்டுறது, வசூலான காசு யாரு கைக்குப் போகுது, இந்த மூணுக்கும் பதில் எழுதாம ரேட்டு போட்டீங்கன்னா ரெண்டு வருசத்துல எவனாவது வந்து அதைத் தூக்கிப் போட்ருவான், அப்படித் தூக்கிப் போட்ட நாடுக இருக்கு, பின்னாடி சொல்றேன்.

நான் எகனாமிக்ஸ் படிச்சவன் இல்லை. கப்பலூர், வாடிப்பட்டின்னு மில்லு மில்லாப் போயி எனர்ஜி ஆடிட் பண்றது பொழப்பு, பாய்லர் ரூம்ல வேர்த்து விறுவிறுத்து கத்துக்கிட்டதுதான் எல்லாம். அந்தப் பசங்களுக்கு சொன்னதையே கொஞ்சம் விரிச்சு இங்க எழுதுறேன், புதுசா இதுக்குள்ள வர்றவங்களுக்கு ஆகட்டும்.

விசயம் என்னன்னா, நிலக்கரி, டீசல், கேஸ் எதை எரிச்சாலும் கரியமில வாயு போகுது, அதனால வர்ற வெயிலு வெள்ளம் சேதாரமெல்லாம் எரிச்சவன் பில்லுல வர்றதில்லை, ஊர்ல இருக்குறவன் தலையில விழுகுது. அந்தச் சேதாரத்துல ஒரு பங்கையாவது பில்லுலயே ஏத்துறதுதான் கார்பன் விலை. பிகூன்னு ஒரு இங்கிலாந்து எகனாமிஸ்ட் 1920லயே எழுதி வச்ச ஐடியா. பின்லாந்து 1990ல மொதல்ல கார்பன் வரி போட்டுச்சு, மறுவருசம் ஸ்வீடன்.

படி 1: நோட்டுல கணக்கு போட்டுப் பாருங்க

சட்டம் எழுத முன்னாடி சும்மா ஒரு டன் கரியமில வாயுவுக்கு 1000 ரூவான்னு வச்சுக்கங்க, கணக்குப் பழகுறதுக்காக. 1 லிட்டர் டீசல் எரிஞ்சா ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வரும். டீசலோட எடையே லிட்டருக்கு 1 கிலோ கிடையாதே, எப்படி 2.7 வரும்னு அந்தப் பையன் கேட்டான், நல்ல கேள்வி. எரியும்போது காத்துல இருக்குற ஆக்சிஜன் வந்து கார்பனோட ஒட்டிக்கும், 12 கிலோ கார்பன் 44 கிலோ வாயுவா மாறும், அந்த எடைதான். ஆக 1000 ரூவா விலையில டீசல் லிட்டருக்கு 2 ரூவா 70 பைசா ஏறும், பெட்ரோல் 2 ரூவா 30 பைசா மாதிரி. கரண்ட்டுக்கு நம்ம நாட்டு கிரிட்ல யூனிட்டுக்கு சுமாரா 0.7 கிலோ, அப்ப 70 பைசா. நம்மூரு நிலக்கரி 1 டன் எரிச்சா ஒன்றரை டன்னுக்கும் மேல வாயு வரும், அதனால 1 டன் நிலக்கரிக்கு 1600 ரூவா பக்கம் வருது. இப்பப் புரியுதா யாரு அலறப் போறாங்கன்னு? டீசல்காரன் இல்லை, நிலக்கரிக்காரன். ஆனா ரோட்டுக்கு வந்து மறியல் பண்றது டீசல்காரனாத்தான் இருக்கும்.

இந்தக் கணக்கைப் போட்டுக்கிட்டு இருக்கும்போதே மெஸ் அக்கா வந்து எட்டிப் பாத்துச்சு. "எனக்கு என்ன தம்பி வரும்?"னு கேட்டுச்சு. கடை சிலிண்டர் 19 கிலோ, எரிச்சா 57 கிலோ வாயு, அப்ப 57 ரூவா ஏறும்க்கான்னேன். "அம்பத்தேழு ரூவாயா? அதுக்கும் மேலயே ஒரே நாள்ல ஏத்திப்புட்டு நம்மளக் கேட்டா ஏத்துனாய்ங்க"ன்னு சிரிச்சுட்டு சாம்பார் வாளியத் தூக்கிட்டு நாலு அடி நடந்துச்சு, அப்புறம் திரும்பி நின்னு "சரி, அந்தக் காசு எங்க போகும்?"னுச்சு. பசங்க ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பாக்குறாய்ங்க. நோட்டுல இந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் காலியா விடுங்கடான்னேன்.

படி 2: மதகுல அளக்குறதா, வயல்ல அளக்குறதா

வைகை அணையில எவ்ளோ தண்ணி விட்டாங்கன்னு தெரியணும்னா மதகுல ஒரு ஆளு நின்னாப் போதும், மேலூர் வரைக்கும் ஒவ்வொரு வயக்காட்டுலயும் ஆளு நிப்பாட்டத் தேவையில்லை. கார்பனும் அப்படித்தான். நிலக்கரி சுரங்க வாசல்ல, ரிஃபைனரி கேட்ல, துறைமுகத்துல இறங்குற இடத்துல அளந்து வாங்கிட்டா கொஞ்சப் பேருகிட்ட கணக்குக் கேட்டாலே நாட்டுல எரியுறதுல பெரும்பகுதி உள்ள வந்துரும். எரிபொருள்ல இருக்குற கார்பன் எப்படியும் காத்துக்குத்தான் போகப் போகுது, அதனால எரிக்கிற எடத்துல போய் மூக்கை நீட்ட வேணாம்.

ஆனா சிமெண்ட்டுக்கு இது பத்தாது, சுண்ணாம்புக்கல்லை சுடும்போது கல்லுக்குள்ள இருந்தே வாயு வருது, அது எரிபொருள் கணக்குல வராது, அதை ஃபேக்டரியிலதான் அளக்கணும். என்னோட கட்சி: எரிபொருளுக்கு மதகு, சிமெண்ட் மாதிரி ஆளுகளுக்கு மட்டும் வாசல்ல மீட்டர். சிங்கப்பூர் வேற மாதிரி பண்ணுச்சு, வருசத்துக்கு 25,000 டன்னுக்கு மேல விடுற பெரிய பிளாண்ட்டுகளை மட்டும் நேரா பிடிச்சுச்சு. சின்ன நாடு, பிளாண்ட்டுகளை கைவிட்டு எண்ணிரலாம், அங்க சரிப்பட்டு வரும்.

படி 3: வரியா, கோட்டாவா

வரின்னா விலை நமக்குத் தெரியும், எவ்ளோ வாயு குறையும்னு தெரியாது. கோட்டான்னா மொத்தம் இவ்ளோதான் விடலாம்னு பெர்மிட் அடிச்சு விடுறது, மிச்சம் பிடிச்சவன் மத்தவனுக்கு வித்துக்கலாம், இதுல அளவு தெரியும், விலை தெரியாது. பெரியாறு பாசனத்துல தண்ணி பத்தலைன்னா முறை வச்சு விடுவாங்கள்ல, அந்த முறைத்தண்ணிய பக்கத்துக் காட்டுக்காரனுக்கு விக்கலாம்னு ஒரு ரூல் இருந்தா எப்படி இருக்கும், அதுதான் கோட்டா.

கேக்க அழகா இருக்கு. ஐரோப்பிய யூனியன் 2005ல இதை ஆரம்பிச்சப்ப யார் யாரு எவ்ளோ விடுறாங்கன்னு சரியான கணக்கே கையில இல்லை, கம்பெனிக சொன்னதை நம்பி பெர்மிட்டை அள்ளிக் குடுத்துட்டாங்க, அதுவும் பெரும்பாலும் ஃப்ரீயா. 2006ல நிஜக் கணக்கு வெளிய வந்ததும் விலை சரிஞ்சு, 2007ல கிட்டத்தட்ட ஜீரோ. கரண்ட் கம்பெனிக வேற ஃப்ரீயா வாங்குன பெர்மிட்டோட விலையையும் ஜனங்க பில்லுல ஏத்தி லாபம் பாத்துட்டாங்க. கையில சரியான கணக்கு இல்லாம கோட்டா பக்கம் போகாதீங்க, அதுக்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை. கோட்டாதான்னு முடிவு பண்ணீங்கன்னா ஏலம் விடுங்க, ஏலத்துக்கு இதுக்குக் கீழ போகக் கூடாதுன்னு ஒரு அடிமட்ட விலை வைங்க. பிரிட்டன் கரண்ட் துறைக்கு 2013ல, ஏலத்துல இல்லாம பெர்மிட் விலைக்கு மேல ஒரு வரியப் போட்டு, அடிமட்ட விலை வச்சுச்சு, நிலக்கரி பிளாண்ட்டுக ஒவ்வொண்ணா கட்டுப்படியாகாமப் போயி 2024 செப்டம்பர்ல கடைசி பிளாண்ட்டையும் மூடிட்டாங்க.

நம்ம நாடு மூணாவதா ஒரு வழி எடுத்திருக்கு. 2022ல எனர்ஜி கன்சர்வேஷன் சட்டத்தைத் திருத்தி, 2023ல கார்பன் கிரெடிட் டிரேடிங் ஸ்கீம் அறிவிச்சாங்க, டெல்லியில இருக்குற எனர்ஜி எஃபிஷியன்சி பீரோ நடத்துது. இதுல மொத்த அளவுக்கு உச்சவரம்பு கிடையாது, ஒரு டன் சிமெண்ட்டுக்கு இவ்ளோ, ஒரு டன் பேப்பருக்கு இவ்ளோன்னு டார்கெட். அதைவிடக் கம்மியா விட்டா மிச்சத்துக்கு விக்கக்கூடிய ஒரு சீட்டு கிடைக்கும், அதுதான் கிரெடிட், கூட விட்டா அந்த கிரெடிட்டை வாங்கிக் கட்டணும். உற்பத்தி டபுளானா வாயுவும் ஏறும், அதுதான் இதோட ஓட்டை. ஆனா வளர்ற நாட்டுல எடுத்த எடுப்புல உச்சவரம்பு போட்டா எவனும் கையெழுத்து போட மாட்டான், அதுவும் நியாயம்தான். சீனாவும் 2021ல நாடு முழுக்க ஆரம்பிச்சப்ப இந்த மாதிரி உற்பத்திக் கணக்குலதான் ஆரம்பிச்சுச்சு, அதுவும் கரண்ட் துறையை மட்டும் வச்சு.

படி 4: யாரை உள்ள இழுக்குறது

இங்கதான் நேரம் எடுத்துக்கங்க. நம்ம ஸ்கீம்ல அலுமினியம், சிமெண்ட், இரும்பு, பேப்பர், ரிஃபைனரி, டெக்ஸ்டைல்லாம் பட்டியல்ல இருக்கு, ஆனா எல்லாத்தையும்விட அதிகமா வாயு விடுற கரண்ட் உற்பத்திய ஆரம்பத்துல வெளிய விட்டுட்டாங்க. ஏன்னு யோசிச்சுப் பாருங்க. தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1050 மெகாவாட், அதோட நிலக்கரிக்கு கார்பன் விலை போட்டா அந்தச் செலவு மின்வாரியத்து தலையில வரும். தனியார் பிளாண்ட்டா இருந்தாலும் காண்ட்ராக்ட்ல "சட்டம் மாறுனா கூடுதல் செலவை வாங்குறவர் தரணும்"னு ஒரு ஷரத்து இருக்கும், அதனால கடைசியில எல்லாம் வாரியத்துகிட்டதான் வந்து நிக்கும். வாரியம் அதை ஜனங்ககிட்ட வாங்கணும், ஆனா வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ, பம்புசெட்டுக்கு முழுசா ஃப்ரீ. அப்ப விலைங்கிற சிக்னல் ஸ்விட்ச் போடுறவன் கைக்கு வந்தே சேராது, வாரியத்தோட கடன்ல போய் உக்காந்துக்கும்.

அதுக்காக கரண்ட்டை விட்டுறலாமான்னா, கூடாது. ஸ்விட்ச் போடுறவனுக்கு சிக்னல் வேணும்னு அவசியமே இல்லை, எந்த பிளாண்ட்ல இருந்து கரண்ட் வாங்குறதுன்னு காலையில உக்காந்து முடிவு பண்றான் பாருங்க, அவனுக்கு வந்தாப் போதும், அடுத்து எந்த பிளாண்ட் கட்டுறதுன்னு முடிவு பண்றவனுக்கு வந்தாப் போதும். நம்ம பக்கத்துலயே கமுதியில 648 மெகாவாட் சோலார் 2016லயே வந்துருச்சு, நிலக்கரி பக்கத்துல கார்பன் விலை ஏறுனா கமுதி மாதிரி எடத்துக்குத்தான் அடுத்த பணம் போகும். ஆக டிசைன்ல நீங்க எழுத வேண்டியது: கரண்ட் துறை உள்ள, வாரியத்துக்கு ஏறுற செலவுக்கு வசூலான காசுல இருந்தே ஈடு, ஃப்ரீ கரண்ட் மேல கை வைக்காதீங்க. அதுல கை வச்சா உங்க பாலிசி அன்னைக்கே செத்துச்சு.

வீட்டு கேஸ் சிலிண்டரை வெளிய விடுங்க. 14.2 கிலோ சிலிண்டருக்கு 42 ரூவாதான் வரும்னு கணக்கு சொல்லும், ஆனா அந்த 42க்காக உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அம்மா திரும்பவும் வெறகடுப்புக்குப் போனா அந்தப் புகை யாரு நெஞ்சுல போகும்?

வெறகுன்னதும் என் கதை ஒண்ணு. தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு மில்லுக்கு மூணு வருசக் கணக்கு எடுத்தேன், கார்பன் கடகடன்னு குறைஞ்சிருந்துச்சு, நானும் "சிறப்பான செயல்பாடு"ன்னு ரிப்போர்ட்ல எழுதிக் குடுத்துட்டேன். எங்க சீனியர் அதைப் படிச்சுட்டு "அந்த மில்லு வாசல்ல லாரி நின்னுச்சா?"ன்னு மட்டும் கேட்டாரு. நின்னுச்சு, சீமைக்கருவேலம் ஏத்துன லாரி வரிசையா நின்னுச்சு, நான் அந்த வரிசைக்கு நடுவுல புகுந்துதான் ஆபீசுக்கே போனேன், எனக்குத் தோணவே இல்லை. நிலக்கரிய நிறுத்திட்டு வெறகுக்கு மாறிட்டாங்க, மரம் திரும்ப வளரும்ங்கிற கணக்குல வெறகோட வாயு மொத்தத்துல சேராது, தனியா ஒரு வரியிலதான் காட்டுவோம். சீமைக்கருவேலம் வெட்ட வெட்டத் தளிர்க்கும், அதுல எனக்கு சண்டை இல்லை. ஆனா நிலக்கரி விலை ஏறுனா நாளைக்கு வேம்பும் புளியும் பாய்லருக்குள்ள போகும், அதையும் ஜீரோன்னு எழுதுவீங்களா? எந்த வெறகு, எந்த ஊரு, ரசீது எங்கன்னு கேக்குற ஒரு ஷரத்து டிராஃப்ட்ல கண்டிப்பா வேணும்.

படி 5: அக்கா கேட்ட கேள்வி

பாலிசி நிக்குறதும் விழுறதும் இங்கதான். பிரான்ஸ்ல எரிபொருள் மேல இருந்த கார்பன் வரிய 44.60 யூரோவுல இருந்து 55 யூரோவுக்கு ஏத்தப் போறோம்னாங்க, 2018 நவம்பர்ல மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு ஜனங்க ரோட்டுக்கு வந்துட்டாங்க, ஏத்துறதை விட்டுட்டாங்க, 44.60லயே நின்னுருச்சு. ஆஸ்திரேலியா 2012 ஜூலையில டன்னுக்கு 23 டாலர்னு ஆரம்பிச்சு, ஆட்சி மாறி 2014 ஜூலையில சட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க. கனடா 2019ல ஆரம்பிச்சு வசூல்ல பெரும்பகுதிய ஜனங்களுக்கே திருப்பிக் குடுத்துச்சு, கணக்குப்படி நிறைய குடும்பத்துக்கு கட்டுனதைவிட அதிகமாவே வந்துச்சு, இருந்தும் நிறையப் பேருக்கு அப்படி ஒரு காசு வர்றதே தெரியல. ஆரம்பத்துல வருமான வரிக் கணக்குக்குள்ள கழிச்சுக் குடுத்தாங்க, எவனுக்குத் தெரியும்? பெட்ரோல் பங்க்ல ஏறுனது மட்டும் எல்லாருக்கும் தெரியும். 2025 ஏப்ரல் 1ல இருந்து ஜனங்க மேல இருந்த அந்தச் சார்ஜை ஜீரோ ஆக்கிட்டாங்க.

நம்மூரு அனுபவம் இன்னும் மோசம். 2010ல நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூவான்னு க்ளீன் எனர்ஜி செஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட வேலைக்குன்னு வாங்குற தனி வரி, போட்டாங்க, 100, 200ன்னு ஏறி 2016ல 400 ரூவா ஆச்சு. கணக்குப் பாத்தா ஒரு டன் வாயுவுக்கு 250 ரூவா பக்கம் வரும், நமக்கே தெரியாம நாம போட்ட கார்பன் வரி அது. ஆனா வசூல்ல பாதிகூட அதுக்குன்னு வச்ச நிதிக்குப் போகல, 2017ல ஜிஎஸ்டி வந்ததும் மாநிலங்களுக்கு நஷ்டஈடு குடுக்க அந்தக் காசைத் திருப்பி விட்டுட்டாங்க. 2025 செப்டம்பர் 22ல செஸ்ஸை எடுத்துட்டு நிலக்கரிக்கு ஜிஎஸ்டிய 5ல இருந்து 18 பர்சென்ட் ஆக்குனாங்க. பாக்க ஏத்துன மாதிரி இருக்கும், ஆனா டன்னுக்கு இவ்ளோன்னு இருந்தது விலைக்கு இவ்ளோன்னு மாறிருச்சு, அதனால சாம்பல் அதிகமா இருக்குற மட்டமான சீப் நிலக்கரிக்கு பாரம் குறையுது, நல்ல நிலக்கரிக்கு ஏறுது. கார்பனுக்கு விலை போடணும்னா கார்பனை எண்ணுங்க, பில் தொகைய எண்ணாதீங்க.

இதுக்கு நான் சொல்றது, மொதல் தவணை காசு ஜனங்க கைக்குப் போன பிறகு வசூல் ஆரம்பிக்கட்டும். தமிழ்நாட்டுல 2023 செப்டம்பர் 15ல இருந்து மகளிர் உரிமைத் தொகை மாசம் 1000 ரூவா அக்கவுண்ட்ல விழுதுல்ல, போன்ல டிங்னு சத்தம் வந்ததும் என்ன காசுன்னு யாருக்கும் வெளக்கம் சொல்லத் தேவையில்லை. பேரு ஒண்ணு, தேதி ஒண்ணு, மெசேஜ் ஒண்ணு. கார்பன் காசும் அப்படி வரணும், வேற எதோடயும் கலக்கக் கூடாது. மிச்சத்துல ஒரு பங்கு வாரியத்துக்கு, ஒரு பங்கு சின்ன யூனிட்டுக மோட்டாரும் பாய்லரும் மாத்த. எல்லாக் காசையும் "பசுமை நிதி"ன்னு ஒரு பெட்டியில போட்டா என்ன ஆகும்னு மேல சொன்ன செஸ் கதையைத் திரும்பப் படிங்க.

படி 6: இப்ப ரேட்டு

இப்பக் கேளுங்க. கம்மியா ஆரம்பிங்க, ஆனா ஏறுற தேதிய சட்டத்துலயே எழுதிருங்க. சிங்கப்பூர் 2019ல 5 டாலர், 2024ல 25, 2026ல 45ன்னு முன்கூட்டியே சொல்லி வச்சே ஏத்துச்சு. பாய்லர் வாங்குறவன் இருபது வருசத்துக்கு வாங்குறான், அவனுக்கு இன்னைக்கு ரேட்டு முக்கியமில்லை, எட்டாவது வருசத்து ரேட்டுதான் முக்கியம். ஒவ்வொரு வருசமும் பட்ஜெட்ல பாத்துக்கலாம்னு விட்டா எவனும் பாய்லரை மாத்த மாட்டான், மந்திரியத்தான் போய் பாப்பான்.

படி 7: அளவு, அபராதம், பார்டர்

மொத வருசம் காசே வாங்காதீங்க, கணக்கு மட்டும் வாங்குங்க. கணக்கு எப்படி வரும்னு எனக்குத் தெரியும். ஐப்பசி மழையில நனைஞ்ச நிலக்கரிக் குவியலை டேப் வச்சு அளந்து அடர்த்தியால பெருக்கி ஸ்டாக் எழுதுவாங்க, ஈரத்தோட எடையையும் சேத்து, போன வருசக் கடைசி ஸ்டாக்கும் இந்த வருச ஆரம்ப ஸ்டாக்கும் ஒண்ணா இருக்காது, கேட்டா ஸ்டோர் கீப்பர் லீவும்பாங்க. அதனால லாரி எடை போடுற வே-பிரிட்ஜ் சீட்டு, ஜிஎஸ்டி பில்லு, லேப் ரிப்போர்ட்டு மூணும் ஒத்துப் போகுதான்னு வெளியாளு ஒருத்தர் பாக்கணும், அந்த ஆளுக்கு சம்பளம் மில்லு குடுக்கக் கூடாது, பொதுவுல இருந்து வரணும். நம்மால முடியாதுன்னு சொல்லாதீங்க, சூரத்துல 2019ல இருந்து புகையில வர்ற தூசுக்கு இதே மாதிரி கோட்டா மார்க்கெட் வச்சு, சிம்னியில மீட்டர் மாட்டி, 20ல இருந்து 30 பர்சென்ட் வரைக்கும் தூசைக் குறைச்சுக் காட்டிட்டாங்க.

அபராதம் மார்க்கெட் விலையைவிட கண்டிப்பா அதிகமா இருக்கணும், இல்லைன்னா அபராதம் கட்டுறதே லாபம்னு கட்டிட்டுப் போயிருவாங்க. நம்ம ஸ்கீம்ல கிரெடிட்டோட சராசரி விலையில ரெண்டு மடங்குன்னு வச்சிருக்காங்க, அது நல்ல ரூல், வசூல் பண்ணணும் அவ்ளோதான்.

பார்டர் விசயம் சீக்கிரமா சொல்லிடுறேன். ஐரோப்பிய யூனியன் 2026 ஜனவரியில இருந்து உள்ள வர்ற இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் மாதிரி இறக்குமதிக்கு கார்பன் கணக்குப் பாத்து காசு கட்டணும்னு வச்சிருக்காங்க. இங்கயே கார்பன் விலை கட்டியிருந்தா அதைக் கழிச்சுக்கலாம். அப்ப நம்ம கேள்வி, அந்தக் காசு ஐரோப்பிய யூனியன் கஜானாவுக்குப் போகணுமா நம்ம கஜானாவுலயே இருக்கட்டுமாங்கிறதுதான், டெல்லியில யாரையாவது சம்மதிக்க வைக்கணும்னா இதைச் சொல்லுங்க, துருவக்கரடி படமெல்லாம் காட்டாதீங்க.

டிராஃப்ட் எழுதி முடிச்சதும் ஒரு வேலை பண்ணுங்க, கார்பன்னா என்னன்னே தெரியாத, ஆனா எரிபொருள் வாங்குற ஒருத்தர்கிட்ட அதை வாசிச்சுக் காட்டுங்க. பசங்க போன வாரம் வந்து அக்காவுக்கே வாசிச்சுக் காட்டுனாங்க. ரெண்டு பக்கம், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. வீட்டு சிலிண்டருக்கு விலக்கு, கடை சிலிண்டருக்கு 57 ரூவா. அக்கா முழுசாக் கேட்டுட்டு, "அப்ப நான் வீட்டு சிலிண்டரைக் கொண்டாந்து கடையில மாட்டிக்கிறேன்"னுச்சு. பசங்க மறுபடியும் நோட்டைத் தொறந்துட்டாங்க, படி 4ல ஒரு ஷரத்து விட்டுப் போச்சு.